ஆன்லைன் தெரபிக்கு முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி லைசென்ஸ் நம்பரைக் கேளுங்க

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்ததை, அவர் ஒப்புதலோடு இங்கே எழுதுகிறோம். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. ஆபீஸில் மீட்டிங் என்றாலே படபடப்பு. ஆன்லைனில் தேடியதில் ஒரு தெரபிஸ்ட் கிடைத்தார். பெயருக்குப் பின்னால் எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது லைசென்ஸ்டு கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர். அமெரிக்க லைசென்ஸ், தமிழில் பேசுவார். ஒரு செஷன் 2,500 ரூபாய். பத்து செஷன் பேக்கேஜ் 18,000. இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினால்தான் இந்த ரேட். ஜிபேயில் மொத்தமாகக் கட்டிவிட்டார்.

முதல் இரண்டு செஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முழுசாக 50 நிமிஷம். மூன்றாவது, ஓடுகிற காருக்குள் இருந்து, 22 நிமிஷம். நான்காவதில் வேறொரு பெண் திரையில் வந்தார்: "மேடம் பிஸி, நான் அவங்க டீம். உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு முதல்ல இருந்து சொல்லுங்க." முந்தைய செஷன்களின் குறிப்பு ஒரு வரிகூட அவரிடம் இல்லை. ஐந்தாவது முடிந்த அன்று சாயங்காலம் கணவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜ்: "உங்க அம்மாவைப் பத்தி அவங்களுக்கு நிறைய வருத்தம் இருக்கு, ஒரு ஃபேமிலி செஷன் போட்டா நல்லது. தனி பேக்கேஜ் இருக்கு." கணவரின் நம்பர் எப்படிப் போனது? படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என்று இவரே கொடுத்ததுதான்.

அந்த வீட்டில் அடுத்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரத் தொடர்பு நம்பர் வாங்குவது சரிதான். ஆன்லைனில் வாங்காமல் இருந்தால்தான் தப்பு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டுமே அது. ஒழுங்கான தெரபிஸ்ட் ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் "இப்ப எந்த ஊர்ல, எந்த இடத்துல இருக்கீங்க?" என்றும் கேட்பார், அதே காரணத்துக்காக. ரகசியம் காக்கும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வருவதைத் தடுப்பது, கோர்ட் உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. பேக்கேஜ் விற்பது அதில் வராது.

இனி லைசென்ஸ் விஷயம். அமெரிக்காவில் நாடு முழுக்கச் செல்லும் ஒரே லைசென்ஸ் இதற்குக் கிடையாது. அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் போர்டு கொடுப்பது. கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணியில் முதுகலை) முடித்து, மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்து, பரீட்சைகள் பாஸ் செய்த பிறகுதான் எல்.சி.எஸ்.டபிள்யூ. அதுவரை அசோசியேட், அதாவது மேற்பார்வையில் வேலை செய்கிறவர். அசோசியேட் தன்னிச்சையாகத் தொழில் நடத்த முடியாது. போர்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பெயரையோ நம்பரையோ போட்டுப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. இந்தப் பெண்ணுக்கு வந்த சர்டிபிகேட் பி.டி.எஃப்.பில் இருந்த நம்பரைப் போட்டதும் வந்தது: வகை அசோசியேட், நிலை காலாவதி. பெயர் என்னவோ அதே பெயர்தான். முழுப் பொய் இல்லை, அரைப் பொய். அதனால்தான் இந்த மாதிரிக் கேஸ் லேசில் பிடிபடுவதில்லை.

அந்த லைசென்ஸ் செல்லுபடியாகவே இருந்தாலும், அது அந்த மாநிலத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கத் தரப்பட்டது. சரவணம்பட்டியில் உட்கார்ந்து பேசுகிற உங்களுக்குக் குறை என்றால் அந்த போர்டை வைத்து ஒன்றும் பெரிதாகச் சாதிக்க முடியாது. ஈமு கோழி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்த ஊருங்க நம்மது. சர்டிபிகேட் பளபளப்பா இருக்கு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

நம்ம நாட்டில் இதற்கு இணையானவர் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர். 2017 சட்டம் கேட்கும் தகுதி: சமூகப்பணியில் முதுகலை, அதன்மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.பில்., மேற்பார்வையோடு ஆஸ்பத்திரிப் பயிற்சி. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் இந்தப் படிப்பு நடந்து வந்திருக்கிறது. வெறும் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் நல்ல மனுஷராக இருக்கலாம், ஆனால் சட்டப்படி அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை. ஆறு வார ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பதிவு மாநில மனநல ஆணையத்தில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சோஷியல் வொர்க்கரை ஆர்.சி.ஐ.யில் தேடிப் பார்த்துவிட்டுப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு பேருமே மாத்திரை எழுத முடியாது. மாத்திரை பெயரை மெசேஜில் அனுப்புகிறவரை அந்த நிமிஷமே நிறுத்திவிடலாம்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: படிப்பும் படித்த இடமும், பதிவு எண்ணும் கொடுத்த அமைப்பும், செஷன் எத்தனை நிமிஷம், ஆள் மாறினால் என்ன, பாக்கி செஷனுக்குப் பணம் திரும்புமா, குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள். போனில் சொல்கிறேன் என்றால் வேண்டாம், வாட்ஸ்அப்பிலாவது வரட்டும். முதலில் ஒரே ஒரு செஷனுக்குக் கட்டுங்கள். முதல் செஷன் பெரும்பாலும் விசாரிப்பதிலேயே போகும்: தூக்கம், சாப்பாடு, குடும்பம், பழைய வைத்தியம், தற்கொலை எண்ணம் வந்ததா என்பது வரை. இது எதையும் கேட்காமல் நேராக அறிவுரையில் இறங்குகிறவரிடம் இரண்டாவது செஷன் வீண்.

கிரெடிட் கார்டில் கட்டினால் பேங்கில் டிஸ்ப்யூட் போடலாம், யூ.பி.ஐ.யில் நீங்களே அனுப்பின பணத்தை அப்படித் திரும்ப வாங்குவது கஷ்டம். மாதச் சந்தா என்றால் யூ.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். தெரபி செயலியை அழித்தாலும் அந்த அனுமதி அப்படியே நிற்கும், பணம் போய்க்கொண்டே இருக்கும். அங்கே போய் ரத்து செய்தால்தான் நிற்கும்.

இந்தப் பெண் செய்தது: செஷன் நேரம் தெரியும் கால் லாக், போர்டு பக்கம், கணவருக்கு வந்த மெசேஜ், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாக்கி ஐந்து செஷனுக்கு 9,000 கேட்டு மெயில் போட்டார். "நோ ரீஃபண்ட் பாலிசி" என்று பதில் வந்தது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு 6,000 திரும்பியது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டின தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தெரபிஸ்ட் என்ற ஆளே பொய், பணம் வாங்கியதும் நம்பர் ஆஃப் என்றால் அது வேறு, தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930.

இதற்கிடையில் தூக்கம் இல்லாத பிரச்சனை அப்படியேதான் இருந்தது. அதற்கு 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இப்போது கோவை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறார். வரிசை நீளம்தான், காலையில் நேரத்திலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும்.