ஆரேயா: ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்

இத்தாலிய ப்ராக் ராக் (புரோகிரசிவ் ராக், சோதனை முயற்சிகள் நிறைந்த ராக் இசை) என்றால் பிஎஃப்எம், பாங்கோ, லெ ஓர்மே ஆகிய குழுக்கள் என்றுதான் எனக்குத் தெரியும். நீளமான பாட்டு, அழகான கீபோர்டு, கொஞ்சம் நாடகத்தனம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஆரேயா என்ற இத்தாலியக் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். ஒரு பெண் தனியாக அரபியில் பேசுகிறாள், பின்னணியில் வாத்தியம் எதுவும் இல்லை. அவள் முடித்ததும் குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ் மெதுவாக, கனமாகப் பாட ஆரம்பிக்கிறார். சரி, சோகப் பாட்டு என்று நினைத்து உட்கார்ந்தால், திடீரென்று மொத்த இசைக்குழுவும் பால்கன் (தென்கிழக்கு ஐரோப்பா) நாட்டுப்புற மெட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறது. தாளத்தை எண்ணிப் பார்த்தேன், விட்டுவிட்டேன், மறுபடி முதலிலிருந்து போட்டேன். அன்று அந்த ஒரு பாட்டைத் தாண்டிப் போகவே இல்லை.

1973-இல் வந்த ஆல்பம் அது. அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமின் வாசலில் எழுதியிருந்த 'ஆர்பைட் மாஹ்ட் ஃப்ரை' (உழைப்பு விடுதலை தரும்) என்ற வாசகத்தையே பெயராக வைத்தார்கள். 1972-இல் மிலானில் உருவான இந்தக் குழுவுக்கு இசையும் இடதுசாரி அரசியலும் வேறு வேறாக இருந்ததில்லை. இத்தாலிய மொழி தெரியாத நான் வரிகளை மொழிபெயர்ப்பில் படித்துத்தான் புரிந்துகொண்டேன், அதற்கே ஒரு வருடம் ஆனது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, 1975-இல் வந்த 'க்ராக்!' ஆல்பத்தில் தொடங்குங்கள். ஃபரிசெல்லியின் கீபோர்டு, தவொலாட்சியின் பேஸ், கப்பியோட்சோவின் டிரம்ஸ் எல்லாம் ஜாஸ்காரர்களின் லாவகத்தோடு ஓடும், ஆனால் பாட்டு பாட்டாகவே இருக்கும். 1974-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசியில் வரும் 'லோபோதோமியா' முழுக்க சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் கூச்சல். முதல் தடவை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அதை முழுதாகக் கேட்டது பத்துத் தடவைகூட இருக்காது. காதுக்கு வலிக்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது, அதற்காக அது எனக்குப் பிடித்துவிடவில்லை.

பழகப் பழக வளர்ந்தது ஸ்ட்ராட்டோஸின் குரல்தான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1945-இல் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆரேயாவுக்கு முன்னால் 'இ ரிபெல்லி' என்ற குழுவில் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சிமிக்க இசை) பாணியில் உருகிப் பாடியவர். பிறகு குரலையே ஓர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்களை எழுப்பக்கூடியவர். ஆரம்பத்தில் இதெல்லாம் வித்தை காட்டுவது போலப் பட்டது. அவருடைய 1978 தனி ஆல்பமான 'கந்தாரே லா வோச்சே'யைக் கேட்ட பிறகுதான் மனசு மாறியது. அதில் ஓர் இடத்தில் புல்லாங்குழல் போல ஒரு கீச்சொலி மேலே மிதக்கிறது. பின்னணி வாத்தியம் என்றே நினைத்தேன், ஆனால் அந்த ஆல்பத்தில் வாத்தியமே கிடையாது. அதன் பிறகு ஆரேயாவின் பழைய பாட்டுகளுக்குத் திரும்பினால், சிந்தசைசர் என்று நான் நினைத்திருந்த சில ஒலிகள் அவர் தொண்டையிலிருந்து வந்தவை!

கிதார் வாசித்த பாவ்லோ தொஃபானி பின்னாளில் ஹரே கிருஷ்ணா துறவியாகி, 'திரிகாண்ட வீணை' என்று ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். அது இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

1979-இல் ஸ்ட்ராட்டோஸுக்கு ரத்த நோய் வந்து நியூயார்க்கில் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். செலவுக்குப் பணம் திரட்ட மிலானில் ஜூன் 14 அன்று கச்சேரி ஏற்பாடானது. அவர் 13-ஆம் தேதியே இறந்துபோனார், வயது 34. கச்சேரியை நிறுத்தவில்லை, அஞ்சலியாக நடத்தினார்கள். அந்தப் பதிவு ஆல்பமாகவும் வந்திருக்கிறது. முதலில் ஒரு நல்ல நேரடிப் பதிவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனேன். கதை தெரிந்த பிறகு, அவர் இல்லாமல் ஆரேயா வாசிக்கும் இடம் வந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.