சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: காசை எதில் போடுவது?

வயதாகிக் காது மந்தமானவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சத்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை." முதுமையில் முதலில் தேய்வது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் கனத்த ஓசை வந்து சேர்ந்துவிடும். ச, த, க என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். வீட்டார் கத்தும்போது பெரிதாவது அந்த உயிரோசைதான். கோபம் மிஞ்சும், விஷயம் போய்ச் சேராது.

அப்படிப்பட்ட ஒருவர் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் பதித்த அரங்கம், தலைக்கு மேல் மின்விசிறிகள், மேடையில் ஒலிபெருக்கி, சுவருக்குச் சுவர் எதிரொலி. அங்கே அவருக்கு எது கைகொடுக்கும்?

குடும்பம் முதலில் போய் நிற்பது காது கேட்கும் கருவி விற்கும் கடையில். சில ஆயிரத்திலும் உண்டு, லட்சங்களிலும் உண்டு. விலை ஏறினால் இரைச்சலை அடக்கும் திறமையும் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் கருவியின் மைக் இருப்பது கேட்பவரின் காதோரம். பேசுபவரின் வாய் இருப்பது பத்து மீட்டருக்கு அப்பால். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் பேச்சொலி 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) இறங்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் இருமல் இறங்குவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். எதிரெதிரே உட்கார்ந்து பேச நடுத்தர விலைக் கருவியே நன்றாக உழைக்கும். அரங்கத்தின் கடைசி வரிசையில் லட்ச ரூபாய்க் கருவியும் திணறும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இதில் இரண்டு வழிகள். ரிமோட் மைக் என்பது பேசுபவரின் சட்டையில் மாட்டிவிடும் சிறு பொருள். கம்பியில்லாமல் நேராகக் காதுக் கருவிக்கு ஒலியை அனுப்பும். ஐபோனில் உள்ள லைவ் லிசன் வசதியும் இதே வேலையைச் செய்யும்: போனைப் பேசுபவர் முன் வைத்துவிட்டு ஏர்பாட்ஸிலோ பொருத்தமான கருவியிலோ கேட்கலாம். மருத்துவர் அறையிலும் காரிலும் இதற்கு ஈடில்லை. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து பேசினால் மட்டும் மைக்கைக் கைமாற்றியே நேரம் போய்விடும்.

மற்றது லூப். அரங்கத்தைச் சுற்றி ஓடும் கம்பியில் மேடை மைக்கின் சிக்னலைப் பாய்ச்சினால் காந்தப்புலம் உண்டாகும். காதுக் கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற குட்டிச் செப்புச் சுருள் அதைப் பிடித்துப் பேச்சாக்கும். இடையில் காற்றுக்கு வேலை இல்லை, எனவே எதிரொலியும் இரைச்சலும் வந்து ஒட்டுவதில்லை. பிரிட்டனில் தேவாலயங்களிலும் டிக்கெட் கவுண்டர்களிலும் காதுப் படத்தோடு 'டி' எழுத்துப் போட்ட பலகையைப் பார்க்கலாம். நம் ஊரில் அரிது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் புலத்தை வலுவிழக்கச் செய்யும் என்பதால் அளந்து அமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். போதாக்குறைக்கு, அழகுக்காகச் சிறிதாக்கிய கருவிகள் பலவற்றில் டெலிகாயிலே கிடையாது.

பேச்சை எழுத்தாக்கும் போன் செயலிகள் சிலவற்றுக்குச் செலவே இல்லை. கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழிலும் ஓடுகிறது. நிறுத்தி, ஒருவராகப் பேசினால் வியக்கும்படி எழுதும். இருவர் சேர்ந்து பேசினாலோ ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வந்தாலோ தடுமாறும். 'அகவிலைப்படி' என்பது 'அகல விலை படி' என்று வந்து நின்றால் திகைக்க வேண்டாம், சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கடைசி வரிசையில் மடியில் வைத்த போனுக்கும் அதே தூரம், அதே எதிரொலி. போனை மேடை மேஜையில் வைத்து, அதன் திரையைப் புரொஜெக்டரில் காட்டினால் கதையே மாறும். கருவி அணியாதவர்களும், காது மந்தம் என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் சத்தமில்லாமல் பயனடைவார்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வேறு தேவைக்கு உரியவர். பிறவியிலேயே காது கேளாமல் இந்தியச் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அவருக்கு மாற்றாகாது. அறுபதில் காது மங்கியவருக்கோ அந்த மொழியே தெரியாது. உதட்டைப் பார்த்தே சமாளிக்கலாம் என்பவர்கள் கண்ணாடி முன் நின்று 'பாலை வாங்கி வா', 'மாலை வாங்கி வா' இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கட்டும்.

அரசின் கையை எதிர்பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் வகுக்கிறது. 50 டெசிபல் இழந்தவர் இரண்டிலும் வரமாட்டார். அரங்கத்தில் அவருக்கும் ஒன்றும் புரியாது.

என் தேர்வு இதுதான். குடும்பம் நடுத்தர விலைக் கருவியும் ரிமோட் மைக்கும் வாங்கட்டும்; சங்கம் திரையில் எழுத்தைக் காட்டட்டும். புதிதாக அரங்கம் கட்டுபவர்கள் மட்டும், தரை போடுவதற்கு முன்பே லூப் பற்றி யோசிக்கலாம். பார்வையாளர் கேட்கும் கேள்வியை மேடையில் இருப்பவர் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்வதற்கு யாருக்கும் செலவில்லை. கடையில் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: டெலிகாயில் உண்டா? எந்த ரிமோட் மைக் இதனோடு இணையும்? வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாமா?