ஊழியம் என்று சொன்னால் அக்ரிமென்டைக் கேளுங்கள்

குழந்தைகளுக்கு வேதாகமக் கதைகளை அனிமேஷனாக எடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு ஃப்ரீலான்ஸாக கேரக்டர்கள் வரைந்து கொடுத்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அக்ரிமென்ட் கேட்டபோதெல்லாம் "அனுப்புறோம் பிரதர், இது ஊழியம்தானே", அதாவது கடவுளுக்குச் செய்யும் சேவைதானே, என்றார்கள். வரைவு ஒன்று மெயிலில் வந்தது. கையெழுத்து மட்டும் வரவே இல்லை. எபிசோடுகள் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன, பேசிய பணத்தில் பாதி இன்னும் பாக்கி. கேட்டால் "ஜெபிச்சுக்கோங்க" என்கிறார்கள்.

இவர்கள் அடிக்கடி உதாரணம் காட்டுவது அமெரிக்காவின் பிக் ஐடியா நிறுவனத்தை. காய்கறிகள் நடிக்கும் வேதாகமக் கதை வீடியோக்களான வெஜ்ஜிடேல்ஸை எடுத்தவர்கள். சரி, அதன் கதையை முழுசாகவே பார்ப்போம்.

பைபிள் கல்லூரியில் பழகிய ஃபில் விஷர், மைக் நவ்ராக்கி இருவரும் 1993இல் முதல் வீடியோவைக் கொண்டுவந்தார்கள். கை கால்களை அசைப்பது அன்றைய கம்ப்யூட்டருக்குப் பெரும்பாடு, அதனால் ஒரு தக்காளியும் வெள்ளரிக்காயும் நாயகர்கள். (முதலில் யோசித்தது சாக்லேட் பாராம். அம்மாக்கள் திட்டுவார்கள் என்று தடுத்தது விஷரின் மனைவி.) கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஆரம்பித்து வால்மார்ட் வரை கேசட்டுகள் லட்சக்கணக்கில் போயின. அடுத்த டிஸ்னி ஆகும் கனவில் ஆட்கள் சுமார் 200 பேர் ஆனார்கள், கடனும் ஏறியது. 2002இல் வந்த யோனா படம் இரண்டரைக் கோடி டாலர் அளவுக்கு வசூலித்தும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை.

இதற்கு நடுவில்தான் வீடியோக்களை விற்றுக் கொடுத்த லிரிக் ஸ்டுடியோஸுடன் தகராறு. ஃபேக்ஸ் போனது, வரைவுகள் போய்ப் போய் வந்தன, நீண்டகால ஒப்பந்தத்தில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பிக் ஐடியா வேறு விநியோகஸ்தரிடம் போனதும் லிரிக் வழக்குப் போட்டது. 2003இல் டாலஸ் ஜூரி சுமார் 1.1 கோடி டாலர் தரச் சொன்னது. அதே ஆண்டு பிக் ஐடியா திவால், சொத்தை கிளாசிக் மீடியா வாங்கிக்கொண்டது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லை என்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. விஷருக்கு அதனால் என்ன லாபம்? தக்காளியும் வெள்ளரிக்காயும் ஏற்கெனவே கைமாறிவிட்டன. வருடக்கணக்கில் விற்றுக் கொடுத்த தரப்புக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

நம் ஊரிலும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமையை மாற்றிக் கொடுத்தது செல்லாது என்கிறது. என் நோட்டீஸ் நிற்பது அதன் மேல்தான்.

இந்த நிறுவனம் இப்போதும் ஆள் எடுக்கிறது. முதலில் 'டெஸ்ட்' என்று நாலைந்து கேரக்டர் கேட்பார்கள். வாட்டர்மார்க் இல்லாமல் அனுப்பாதீர்கள். முன்பணம் கணக்கில் ஏறி, கையெழுத்துப் போட்ட பிரதி உங்கள் கைக்கு வரும்வரை ஒரிஜினல் ஃபைலைத் தர வேண்டாம். ஏற்கெனவே அங்கே வேலை செய்து பணம் வராதவர்கள் மெயில், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். வக்கீல் முதலில் கேட்டது அதைத்தான்.