டிரிப் ஆவது நின்றதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கிரைண்டர், வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வீட்டுக்கு ஆள் அழைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். என் மனைவிக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக் கூடாது.

எங்கள் கிரைண்டரைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். மோட்டாரைக் கழற்றி ஏதோ பார்த்தார். பிறகு பிளக்கை வெட்டிவிட்டு, சிவப்பு, கறுப்பு ஒயர்களின் நுனியைச் சீவி சாக்கெட் துளைகளில் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி திணித்தார். எர்த்துக்கான பச்சை ஒயர் சும்மா தொங்கியது. சுவிட்சைப் போட்டதும் கல் சுற்றியது, டிரிப் ஆகவில்லை. “கெப்பாசிட்டர் மாற்றி, வைண்டிங்குக்கு (மோட்டாரின் கம்பிச் சுருளுக்கு) வார்னிஷ் அடித்திருக்கிறேன்” என்று 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, புதுப் பிளக்கையும் மாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாவு வழிக்கும்போது மனைவியின் ஈரக் கை உலோக உடம்பில் பட்டது. ஷாக் அடித்துக் கையை உதறிய அதே நொடியில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

அடுத்து வந்த எலெக்ட்ரீஷியன் பிளக்கைத் திறந்து காட்டினார். பச்சை ஒயர் ஒட்ட நறுக்கப்பட்டு உறைக்குள் மடக்கி மறைக்கப்பட்டிருந்தது. மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வைண்டிங்கின் இன்சுலேஷன் ஒரு மெகா ஓம்கூட இல்லை. கெப்பாசிட்டரும் பழையதுதான். கசியும் மின்சாரம் எர்த் வழியாகப் போனதால்தான் முதலில் டிரிப் ஆனது. அந்த வழியை அடைத்துவிட்டால் டிரிப் ஆகாது. கிரைண்டரின் உலோக உடம்பைத் தொடுகிறவர் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். இதைத்தான் அந்த ஆள் ரிப்பேர் என்று விற்றிருக்கிறார்.

இந்த எலெக்ட்ரீஷியன் டெஸ்ட் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்று ஒயர் உள்ள கார்டு, மூன்று பின் பிளக், ரப்பர் உறை போட்ட கிளிப்புகள், நடுவே சீரீஸில் ஒரு குண்டு பல்பு. முதலில் எர்த் கிளிப்பை கிரைண்டரின் உலோக உடம்பில் மாட்டினார். மற்ற இரண்டையும் மாட்டி, கடைசியில்தான் பிளக்கைச் செருகினார். கழற்றும்போது முதலில் வெளியே வந்தது பிளக். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். ஆனால் பல்பு இருக்கிறதே என்று யாரும் ஒயரில் கை வைக்கக் கூடாது. 100 வாட் பல்பு 400 மில்லி ஆம்பியருக்கு மேல் விடும், வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்கே விழ வேண்டியது.

கடைக்காரரிடம் கேட்டால், “எர்த் இல்லாமலும் ஓடும் சார், உங்கள் வீட்டு டிரிப்பர்தான் வீக், அதை எடுத்துவிடுங்கள்” என்கிறார். தயவுசெய்து யார் சொன்னாலும் அதை எடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் உங்கள் முன்னாலேயே பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, அதன் பெரிய (எர்த்) பின்னுக்கும் சாதனத்தின் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி (பீப்) நிலையில் வைத்தால் பீப் ஒலி வர வேண்டும். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் பில் இருந்ததால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.