கேம் வேண்டாம், இசை மட்டும் கொடுங்கள்

எனக்கு வீடியோ கேம் ஆட வராது. முதல் எதிரியிடமே உயிர் போய்விடும். ஆனால் கேம் இசை ஓடாவிட்டால் என் மெய்ப்புத் திருத்தும் வேலை நகராது. பாட்டு வரி காதில் விழுந்தால் கண் எழுத்துப் பிழையை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும். கேம் இசை பெரும்பாலும் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், தொந்தரவு செய்யாது. இசையை மட்டும் வாங்க நான் போகும் இணையக் கடைகள் இரண்டு: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம், இசைக் கலைஞர்கள் தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப்.

ஸ்டீமில் முன்பெல்லாம் ஆல்பம் கேமின் கூடுதல் சரக்காகத்தான் விற்றது. கேம் இல்லாதவருக்கு அது உதவாது. 2020 ஜனவரியில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். கேமை வாங்காமலே ஆல்பத்தை வாங்கி, போனுக்கும் நகலெடுத்துக்கொள்ளலாம். சும்மா இறக்கினால் எம்பி3தான் வரும். உயர்தரக் கோப்பு வேண்டுமென்றால் அமைப்புகளில் இசைப் பகுதிக்குப் போய் முதலிலேயே டிக் செய்துவிடுங்கள்.

என் ஓட்டு பேண்ட்கேம்புக்கு. பெரும்பாலான ஆல்பங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டே வாங்கலாம். ஃப்ளாக், வேவ் (இரண்டும் ஒலித் தரம் குறையாத கோப்புகள்), எம்பி3 என்று வேண்டிய வடிவத்தை நாமே எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். ஸ்டீமின் வழக்கமான பங்கு 30. இசையமைப்பாளரே கடை போட்டிருந்தால் பணப் பரிமாற்றக் கட்டணம் போக மிச்சம் நேராக அவர் கைக்குப் போகும்.

சரி, வாங்கிய பிறகு என்ன? கேமுக்குள் நீங்கள் ஒரு குகையில் எவ்வளவு நேரம் நின்றாலும் இசை சுற்றிச் சுற்றி வரும். எதிரி வந்தால் அதே மெட்டில் முரசு சேரும், போனால் அடங்கும். ஆல்பத்தில் அதற்கு வழியில்லை. பல ஆல்பங்களில் இரண்டு சுற்று ஓடி, மெல்லத் தேய்ந்து, முடிந்துவிடும். 'அண்டர்டேல்' என்ற கேமின் ஆல்பத்தில் 101 துண்டுகள். பல ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு வாக்கியத்துக்குக் காற்புள்ளி வைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது! இன்னொரு ஆல்பத்தில் (பெயர் வேண்டாம்) ஒட்டியே ஓட வேண்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மௌனம். எம்பி3யாக மாற்றும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும், அதுதான் காரணம். ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளாக்.

இந்தச் சுற்று விஷயத்தைச் சரியாகப் பிடித்தது ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ. 2024 அக்டோபரில் வந்த நிண்டெண்டோ மியூசிக் செயலியில் சில இசைகளை 60 நிமிடம் வரை நீட்டி ஓட விடலாம். என் வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் அங்கே எதையும் விலைக்கு வாங்க முடியாது. அவர்களுடைய ஆன்லைன் சந்தா இருக்கும்வரைதான் கேட்கலாம். இசையைத் தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் சந்தாவில் கட்டிப்போடுவானேன்?

வினைல் தட்டாகவும் விற்கிறார்கள், உறைகளெல்லாம் அழகோ அழகு. என்னிடம் பிளேயர் இல்லை. அதைப் பற்றி வைத்திருப்பவர்கள் எழுதட்டும்.