டு மீ, டு யூ: முப்பது வருடப் பாவனைக்குப் பிறகு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிப்படியில் ஒரு ஆள் ஏறினாலே இரண்டு தோளும் சுவரில் உரசும். 1993 இல், தெரிந்தவர் ஒருவர் தந்த பழைய செற்றியை அந்தப் படியால் மேலே ஏற்றப் பார்த்தார்கள். மேலே அப்பா, கீழே அண்ணா. பாதிப் படியில் செற்றி இறுகிவிட்டது. அப்பா “இஞ்சால விடடா” என்கிறார். அண்ணா “எங்கால?” என்கிறான். அப்பாவின் இஞ்சால அண்ணாவுக்கு அங்கால. அண்ணாவின் இஞ்சால அப்பாவுக்கு அங்கால. செற்றி அசையவில்லை. கீழே பாணைச் சப்பிக்கொண்டு நின்ற எனக்குப் பத்து வயது. “அண்ணா, டு மீ எண்டு சொல்லு! அப்பா, நீங்கள் டு யூ எண்டு சொல்லுங்கோ!” என்று கத்தினேன். அண்ணாவுக்குச் சிரிப்பு வந்து கையை விட்டுவிட்டான். செற்றி இரண்டு படி கீழே சரிந்தது. அப்பா அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்த இரண்டு சொற்களும் எங்கள் வீட்டுக்குள் வந்தது பிபிசியின் சக்கிள்விஷன் மூலம். இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: சிறுவர்களுக்கான நகைச்சுவைத் தொடர், 1987 செப்டம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை ஓடியது. 21 தொடர்கள், 292 அத்தியாயங்கள். தென் யோர்க்ஷயரின் ரொதர்ஹாம் நகரத்து இரண்டு மீசைக்காரச் சகோதரர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்வார்கள். பெயின்ற் அடிப்பது, சாமான் ஏற்றி இறக்குவது, தோட்டம் திருத்துவது, சில நாள் துப்பறிவது. அந்த வேலை அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடத்தில் எல்லாம் நாசமாகிவிடும். அவ்வளவுதான் கதை. 292 தடவையும் ஏறக்குறைய அதே கதை.

உண்மையில் அவர்களின் குடும்பப் பெயர் எலியட். சக்கிள் என்பது மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். அண்ணன் பாரி 1944 இல் பிறந்தவர், தம்பி பால் 1947 இல். எங்கள் அம்மம்மா 1994 இல் லண்டன் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் தேங்க்யூவும் சொறியும் மட்டும். பின்னேரம் நாங்கள் ரீவிக்கு முன்னால் விழுந்து கிடந்தால் அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாரி என்ற பெயர் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. சகோதரர்களிடம் மிதித்து ஓட்டுகிற, மேலே கூரை போட்ட நாலு சில்லு வண்டி ஒன்று இருந்தது. அதைக் கண்ட முதல் நாளே, “அந்தப் பாரி தேரைக் கொண்டுபோய் முல்லைக்குக் குடுத்தான். இந்தப் பாரிக்கு ஆர் குடுத்தது?” என்று கேட்டார். தம்பியின் பெயர் மட்டும் கடைசிவரை வாயில் நிற்கவில்லை. பால் என்றால் தேத்தண்ணிக்கு விடுவதுதானே. அவர் வெறும் ‘தம்பிக்காரன்’ ஆனார்.

அம்மாவுக்கு அந்தத் தம்பிக்காரனில்தான் கோபம். நிகழ்ச்சியில் எல்லாம் தெரிந்தவர் போல நடந்து, திட்டம் போட்டு, கட்டளை இடுவது பால். சொன்னதைப் பிழையாக விளங்கிக்கொண்டு அப்பாவியாக முழிப்பது பாரி. மூத்தவரை இளையவர் வெருட்டுகிறார். “தமையனை இப்பிடி ஏசலாமோ?” என்று அம்மா சமையலறையிலிருந்தே கேட்பார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. வீட்டில் கடைசிப் பிள்ளையான எனக்கு, அண்ணாவை எப்படி மேய்ப்பது என்று வாரா வாரம் ஒருவர் வகுப்பு எடுப்பது போல இருந்தது. அண்ணாவும் நிகழ்ச்சியை ரசித்தான். ஆனால் தான் பாரி இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறான்.

சரி, அந்த வாசகம். பாரமான பொருளை இரண்டு பேர் தூக்கும்போது இங்கிலாந்தில் வேலையாட்கள் இயல்பாகச் சொல்வதுதான் ‘டு மீ, டு யூ’. என் பக்கம் கொஞ்சம், உன் பக்கம் கொஞ்சம். அதைச் சகோதரர்கள் தாளம் போலப் பிடித்துக்கொண்டார்கள். ஏணியோ பியானோவோ, எதைத் தூக்கினாலும் ஒருவர் மாறி ஒருவர் சொல்லிக்கொண்டே போவார்கள், பொருள் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நம்மூரில் கரைவலை இழுப்பவர்களுக்கு ‘ஏலேலோ ஐலசா’ எப்படியோ அப்படி. என்ன, ஐலசா போட்டால் வலை கரைக்கு வரும்.

இந்த வாசகத்தைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்லப்போய் நான் மாட்டிக்கொண்டேன். “எனக்கு, உனக்கு எண்டு சொல்லினம்” என்றேன். அம்மம்மாவின் முகம் மாறிவிட்டது. “ஐயோ, காணி பிரிக்கினமோ? பாவங்கள், நல்லாத்தானே இருந்தவை.” யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. தமிழில் இரண்டு சகோதரர்கள் ‘எனக்கு, உனக்கு’ என்று வாய் திறந்தால் பக்கத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நிற்கிறார் என்று பொருள். அதே சொற்களை ஆங்கிலத்தில் இவர்கள் ஒரு கட்டிலை ஒன்றாகத் தூக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் பிறகு அம்மம்மாவுக்கு அது ‘காணிப் பகிடி’ ஆனது. யார் அந்த வாசகத்தைச் சொன்னாலும், “எத்தனை பரப்பாம்?” என்று, ஊரில் காணி அளக்கிற கணக்கில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

மொழி தெரியாத ஒருவர் அப்படிச் சிரித்ததன் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. இவர்கள் ரீவிக்காகத் தயாரானவர்கள் அல்லர், மேடையில் ஊறியவர்கள். தகப்பனும் மேடை நகைச்சுவைக்காரர். திறமைப் போட்டி நிகழ்ச்சிகளான ஒப்பர்ச்சூனிட்டி நொக்ஸில் 1967 இலும் நியூ ஃபேசஸில் 1974 இலும் வென்றவர்கள். அப்படியிருந்தும் தங்கள் பெயரில் இப்படி ஒரு தொடர் அமைவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பாரிக்கு 42 வயது. அதற்கு முன் 1985 இல், நாய் வேடம் போட்டு, ஒரு வசனமும் இல்லாத குட்டிப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றும் செய்திருக்கிறார்கள். ஆகவே பேச்சு அவர்களுக்கு மேலதிகம்தான்.

நீளமான பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் திரும்புகிறார். மற்றவர் சரியாக அந்த நொடியில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிகிறார். தப்பினார் என்று நாங்கள் மூச்சு விடுகிறோம். நிமிர்கிறார். பலகைக்காரர் மறுபடி திரும்புகிறார். அடி விழப்போவது பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும், வாங்கப்போகிறவருக்கு மட்டும் தெரியாது. “விழப்போகுது, விழப்போகுது” என்று அம்மம்மா கதிரை நுனிக்கு வந்துவிடுவார். வாளி எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் காட்டிவிட்டு, மூன்று நிமிடம் அதை மறந்தது போல நடிப்பார்கள். எங்கள் கண் வாளியை விட்டு நகராது. இந்த மூன்று நிமிடத்தைச் செய்வதற்குத்தான் இருபது வருட மேடை வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்களுக்கு மேலே இன்னும் இரண்டு அண்ணன்மார், ஜிம்மியும் பிரையனும். பாட்டன் என்ற பெயரில் அவர்களும் நகைச்சுவை செய்தவர்கள். சக்கிள்விஷனில் அடிக்கடி வந்து எரிச்சல்படுகிற ஆட்களாக நிற்பார்கள். “நோ ஸ்லாக்கிங்!” என்று ஒருவர் உறுமுவார், “கெட் அவுட் ஒஃப் இட்!” என்று மற்றவர் விரட்டுவார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்துக் காலையில் வரும் அப்பா, சப்பாத்தைக் கழற்றும்போதே எங்கள் அறைப் பக்கம் பார்த்து “நோ ஸ்லாக்கிங்!” என்பார். அவர் முழுதாகப் பார்த்த அத்தியாயம் ஒன்றாவது இருக்குமா என்பது சந்தேகம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் கலையகத்துக்குள் எடுத்தவை, இடையிடையே மந்திர வித்தை, கதை சொல்லல் என்று வேறு துண்டுகளும் சேர்ந்தவை, இப்போது பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெளியே இறங்கி முழுக் கதையாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நிகழ்ச்சி தன் காலில் நிற்கிறது. 1996 முதல் 1998 வரை இந்த வாசகத்தையே பெயராக வைத்து ஒரு போட்டி நிகழ்ச்சியும் வந்தது. என்னை அது இழுக்கவில்லை. இவர்கள் தோற்க வேண்டியவர்கள், மற்றவர்களை வெல்ல வைக்கிற வேலை இவர்களுக்கு எதற்கு? அப்புறம், தொடர்ந்து மூன்று அத்தியாயம் பார்க்காதீர்கள். இரண்டாவது முடியும்போதே அடுத்த வாளி எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த பசியோடு பார்ப்பது உத்தமம்.

என் மகளுக்கு ஆறு வயதானபோது டிவிடி போட்டுக் காட்டினேன். முதல் பத்து நிமிடம் கல் மாதிரி இருந்தாள். “கதவை முதலில் அளந்து பார்த்திருக்கலாமே?” என்று கேட்டாள். தகப்பனின் புத்தி. பிறகு பாரி ஏணியோடு திரும்பியபோது அவளுக்கு விக்கல் வரும் அளவுக்குச் சிரிப்பு. மறு கிழமை பள்ளிக்கூடத்தில் மேசை நகர்த்தும்போது டு மீ சொன்னாளாம். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டதாம். 2008 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவின் சிறுவர் பிரிவு சகோதரர்களுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில், மாணவர் இரவுக் கூட்டங்களுக்கு டிஜேயாகப் போய்ப் பாட்டுப் போட்டார் பால். மீசையோடுதான்.

பாரி 2018 ஆகஸ்ட் 5 அன்று இறந்தார், 73 வயது. அண்ணனை மட்டுமல்ல, மேடைத் துணையையும் மிக நெருங்கிய நண்பனையும் இழந்துவிட்டதாக பால் சொன்னார். இருவரும் ரொதர்ஹாம் யுனைற்றட் காற்பந்துக் கழகத்தின் கௌரவத் தலைவர்களாக இருந்தவர்கள். இறுதி நிகழ்வு அந்தக் கழகத்தின் மைதானத்திலேயே நடந்தது. மைதானத்தின் பெயர் நியூயோர்க் ஸ்டேடியம். ரொதர்ஹாமில் நியூயோர்க். பாரி பிழையான பஸ்ஸில் ஏறினால் போய் இறங்கக்கூடிய இடம்.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணா அழைத்தான். சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு “எத்தனை பரப்பாம்?” என்றான். அம்மம்மா போய் அப்போது பதினொரு வருடம்.

அடுத்த வருடம் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்குப் போனோம். அம்மம்மாவின் வீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பிரச்சினை வராமல் இப்போதே பிரித்து எழுதிவிடுங்கள் என்று புத்தி சொன்னார்கள். எழுதினோம், பிரச்சினை ஒன்றும் இல்லை. அம்மம்மாவின் தேக்கு அலுமாரியை மட்டும் நான் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அதை அறையிலிருந்து தூக்கினோம். அண்ணா முன்னால், நான் பின்னால். “தங்கச்சி, டு மீ.” “டு யூ, அண்ணா.” அறைக் கதவைத் தாண்டி விறாந்தை வரை வந்துவிட்டோம். முன் கதவில் இரண்டு அங்குலம் இடித்தது. சரித்துப் பார்த்தோம், படுக்க வைத்துப் பார்த்தோம், காலைக் கழற்றலாமா என்று பார்த்தோம். திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஐயா எல்லாம் முடிந்த பிறகு வாயைத் திறந்தார்: “நிலை வைக்க முதலே உள்ளுக்கை கொண்டு வந்த அலுமாரியெல்லோ அது.”

திரும்ப அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தோம். வந்த வழியில் அதுவும் ஏனோ நுழையவில்லை. இப்போதும் விறாந்தையில்தான் நிற்கிறது.