எந்த ஜிடி3-ஐச் சொல்கிறீர்கள்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் ரேசிங் அணி மூன்றாம் இடம் பிடித்த செய்தி தமிழ்நாட்டில் பாதிப் பேரின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. கூடவே குழப்பமும் வந்தது. மொத்தத்தில் மூன்றாவதா, பிரிவில் மூன்றாவதா? 992 என்பது காரா, பிரிவா? அஜித் ஓட்டியது அந்தக் காரையா?

பிரிவில்தான் மூன்றாவது. ஒரே பந்தயத்தில் பல பிரிவுக் கார்கள் சேர்ந்து ஓடும், பிரிவுக்குப் பிரிவு தனி வரிசை. 992 என்பது போர்ஷே 911-இன் இந்தத் தலைமுறைக்குத் தொழிற்சாலை வைத்த எண். அதன் 'ஜிடி3 கப்' என்ற பந்தயக் காருக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. அஜித் பந்தயத்துக்கு முன் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டு, வேறோர் அணியின் போர்ஷே கேமன் காரில் ஜிடி4 பிரிவில் ஓட்டினார். ஜிடி3, ஜிடி4 போன்றவை சாலைக் காரை வைத்துச் செய்த பந்தயக் கார்களின் பிரிவுகள். ஒரே வார இறுதி, ஒரே மனிதர், இரண்டு போர்ஷே, இரண்டு பிரிவு. "ஜிடி3 கப் கார் ஏன் ஜிடி3 பிரிவில் ஓடவில்லை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் பெயர்களைப் பிரித்து வைப்போம். 911 ஜிடி3 என்பது சாலையில் ஓட்டும் கார், 510 குதிரைத்திறன். 911 ஜிடி3 ஆர்எஸ் அதன் முரட்டு அண்ணன், அதற்கும் நம்பர் பிளேட் உண்டு. 911 ஜிடி3 கப் பந்தயத்துக்கு மட்டும். எல்லோரும் ஒரே மாதிரிக் காரில் மோதும் தொடர்களுக்காகச் செய்தது. 911 ஜிடி3 ஆர்தான் உலகம் 'ஜிடி3' என்று சொல்லும் பிரிவில் ஃபெராரி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களோடு மோதும் வண்டி. நான்கிலும் ஜிடி3 இருக்கிறது, நான்கும் வேறு வேறு. போர்ஷே தன் சாலைக் காருக்கு இந்தப் பெயரை 1999-லேயே வைத்துவிட்டது. பந்தயப் பிரிவு பிறந்தது 2006-இல்.

ஜிடி3 கப்புக்கும் ஜிடி3 ஆருக்கும் உள்ள இடைவெளி விலையிலேயே தெரியும். 992 தலைமுறை கப் கார் அறிமுகமானபோது வரி நீங்கலாக 2,25,000 யூரோ. ஜிடி3 ஆர் 5,67,000 யூரோ. குதிரைத்திறனில் வித்தியாசம் 55 தான், 510-க்கு 565. எடை இரண்டுக்கும் 1,250 கிலோவை ஒட்டித்தான். அப்படியானால் அந்த மூன்று லட்சத்துச் சொச்சம் யூரோ எங்கே போகிறது? ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், சஸ்பென்ஷன் என்று கொஞ்சம். இன்னொரு முக்கியப் பங்கு காற்றுக்குப் போகிறது.

வளைவில் கார் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது டயர் தரையை எவ்வளவு பலமாகப் பற்றுகிறது என்பதைப் பொறுத்தது. மேலிருந்து அழுத்தினால் பிடி கூடும். எடையை ஏற்றி அழுத்தலாம், ஆனால் அந்த எடையையும் டயர்தான் வளைத்துத் திருப்ப வேண்டும், பிரேக்தான் நிறுத்த வேண்டும். காற்று அழுத்தினால் அந்தச் சுமை கிடையாது. இதுதான் டவுன்ஃபோர்ஸ். பின்னால் நிற்கும் விங், விமான இறக்கையைத் தலைகீழாக மாட்டியதுபோல. கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். சூட்சுமம் காருக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கம் பலகை போல நீளும் ஸ்ப்ளிட்டர், தட்டையான அடித்தளம், பின்னால் மேல்நோக்கி விரியும் டிஃப்யூசர். குறுகிய சந்தில் ஓடும் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், காரைத் தரை இழுத்துக்கொள்ளும். விங் கொடுக்கும் அழுத்தத்துக்கு டிராக், அதாவது காற்றின் எதிர்ப்பு, என்ற வட்டி கட்ட வேண்டும். அடித்தளத்தில் வட்டி குறைவு.

வேகம் இரட்டித்தால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். சாலைக் காரான ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு போர்ஷே சொல்லும் கணக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 409 கிலோ, 285-இல் 860 கிலோ. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, அழுத்தம் இரட்டிப்பாகிவிட்டது. அந்த விங்கின் மேல் விளிம்பு கூரையைவிட உயரம். நேர்ப்பாதையில் அது தட்டையாகப் படுத்துக்கொள்ளும். பந்தயத்தில் ஓடும் ஜிடி3 ஆரின் விங்குக்கு இந்த வசதி இல்லை, பிட்டில், அதாவது காரை நிறுத்திச் சரிசெய்யும் இடத்தில், வைத்த கோணத்திலேயே ஓட வேண்டும். சாலைக் காருக்கு அனுமதி, பந்தயக் காருக்குத் தடை! அந்த ஆர்எஸ்ஸில் சாமான் வைக்கும் இடத்தையும் ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போக வாங்கும் கார் இல்லை.

தலைகீழ் இன்னொன்றும் உண்டு. சாலையில் ஓடும் ஃபெராரி 296 ஜிடிபி, மின்மோட்டாரையும் சேர்த்து 830 குதிரைத்திறன். பந்தயத்துக்கான 296 ஜிடி3-இல் மின்மோட்டார் கிடையாது, சுமார் 600 தான். ஆனாலும் சர்க்யூட்டில் பந்தயக் கார்தான் முன்னே நிற்கும். கோடு வெட்டாத வழவழப்பான பந்தய டயரும் எடைக் குறைப்பும் ஒரு பாதிக் காரணம், காற்று மறுபாதி.

சரி, ஜிடி3-க்கும் ஜிடி4-க்கும் என்ன வித்தியாசம்? ஜிடி4 சாலைக் காருக்குப் பக்கத்து வீடு. அதே உடல், கிட்டத்தட்ட அதே அகலம், அளவான ஸ்ப்ளிட்டர், அளவான விங். போர்ஷேயின் 718 கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் 2019-இல் 425 குதிரைத்திறனோடு வந்தது. அதன் கதவும் பின் விங்கும் இயற்கை நாரைக் கலந்து செய்தவை. பெல்ஜியத்தின் ஸ்பா சர்க்யூட்டில் ஒரு சுற்று 7 கிலோமீட்டர். அதற்கு ஜிடி3 கார் சுமார் 2 நிமிடம் 18 விநாடி எடுத்துக்கொண்டால், ஜிடி4-க்குப் பத்து விநாடிக்கு மேல் கூடுதலாக வேண்டும். அந்த இடைவெளி மெதுவான வளைவுகளில் அவ்வளவாகத் தெரியாது. வேக வளைவுகளில்தான் பிளக்கும்.

இதில் ஜிடி4-க்கு ஒரு நன்மை உண்டு. முன்னே போகும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகும். பின்னால் ஒட்டிப் போகும் காரின் ஸ்ப்ளிட்டருக்குக் கிடைப்பது அந்த எச்சில் காற்றுதான். வளைவின் நடுவில் முன்சக்கரம் பிடியை இழந்து வெளியே நழுவும். காற்றை நம்பும் கார் எதுவும் இந்தத் தொல்லையிலிருந்து தப்ப முடியாது. ஜிடி4 காற்றை அவ்வளவாக நம்புவதில்லை, அதனால் பம்பரோடு பம்பர் ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போகும். மோதலைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஜிடி4 பக்கம்.

இப்போது எனக்குப் பிடித்த ஜோடிக்கு வருகிறேன். 2023 வரை பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய ஜிடிஈ பிரிவு, அதன் இடத்தில் 2024-இல் வந்த எல்எம்ஜிடி3, அதாவது லெ மான்ஸ் விதிக்கேற்ற ஜிடி3. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே நோக்கமே வேறு. ஜிடிஈ என்பது கம்பெனிப் பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கக் கட்டிய கார். ஏபிஎஸ் கிடையாது, பிரேக்கை ஓட்டுநரின் கால்தான் அளக்க வேண்டும். 911-க்கு அங்கே பிறவிக் குறை ஒன்று இருந்தது. பின்னச்சுக்குப் பின்னால் இன்ஜின் தொங்குவது அதன் அடையாளம், டிஃப்யூசர் விரிய வேண்டிய இடமும் அதே இடம். 2017-இல் தன் ஜிடிஈ காரான 911 ஆர்எஸ்ஆரில் போர்ஷே என்ன செய்தது தெரியுமா? இன்ஜினையே பின்னச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டது. ஐம்பதாண்டு அடையாளம் டிஃப்யூசருக்காகப் போயிற்று. 2019-இல் வந்த அடுத்த ஆர்எஸ்ஆரில் புகைக்குழாயையும் பின்சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் திருப்பினார்கள், டிஃப்யூசருக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமாம்.

ஜிடி3-இல் அந்தச் சுதந்திரம் இல்லை. ஜிடி3 ஆரில் இன்ஜின் பின்னாலேயே இருக்கிறது. அங்கே பொறியாளர்கள் செய்தது இன்ஜினை 5.5 பாகை சாய்த்து, கீழே டிஃப்யூசருக்குக் கொஞ்சம் இடம் பிடித்ததுதான். ஒருவர் வீட்டையே இடித்துக் கட்டினார், மற்றவர் பீரோவை நகர்த்தி இடம் பார்த்தார். பொறியியல் அழகு என்று பார்த்தால் என் ஓட்டு ஜிடிஈக்குத்தான்.

ஆனால் அழகுக்குச் செலவு உண்டு. 2018 லெ மான்ஸில் தொழில்முறை ஓட்டுநர்களுக்கான ஜிடிஈ புரோ பிரிவில் ஆறு கம்பெனிகள், 17 கார்கள். 2022-இல் மிஞ்சியது மூன்று கம்பெனி, 7 கார். அத்தோடு புரோ பிரிவையே மூடினார்கள், அமெச்சூர்களுக்கான ஜிடிஈ மட்டும் 2023 வரை ஓடியது. லெ மான்ஸும் அடங்கும் நீண்ட நேரப் பந்தயங்களின் உலக எண்டூரன்ஸ் தொடரில், 2024-இல் எல்எம்ஜிடி3 தொடங்கியபோது ஒன்பது கம்பெனிகள், 18 கார்கள் வரிசையில் நின்றன. ஜிடி3-ஐத் தனி ஆள் வாங்கலாம், உலகில் பல தொடர்களில் ஓட்டலாம். முன்னால் வி8 வைத்த மெர்சிடிஸும் நடுவில் வி6 டர்போ வைத்த ஃபெராரியும் சமமாக ஓட ஒரு தராசு உண்டு. எடையைக் கூட்டு, டர்போ அழுத்தத்தைக் குறை, தரையிலிருந்து உயரத்தை ஏற்று, விங்குக்குக் குறைந்தபட்சக் கோணம் வை என்று அமைப்பாளர்கள் சமன்செய்துகொண்டே இருப்பார்கள். யார் நிஜமாகவே வேகம், யாருக்குச் சலுகை என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதும் இதனால்தான். அந்தச் சண்டையில் எனக்கு அலுத்துவிட்டது.

ஜிடி2 பற்றி இரண்டு வரி போதும். பழைய ஜிடி2 பெயர் மாறித்தான் 2011-இல் ஜிடிஈ ஆனது. இப்போதைய ஜிடி2 வேறு ஜந்து. வசதியுள்ள அமெச்சூர் ஓட்டுநர்களுக்காகக் குதிரைத்திறனைக் கூட்டி, டவுன்ஃபோர்ஸைக் குறைத்தது. போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கிளப்ஸ்போர்ட் 700 குதிரைத்திறன். நேர்ப்பாதையில் பறக்கும், வளைவில் ஜிடி3 அதைத் தாண்டிவிடும். எண்ணில் இரண்டு, வேகத்தில் ஜிடி3-க்கும் ஜிடி4-க்கும் நடுவில்.

ஜிடி1 தனிக் கதை. 1990-களின் கடைசியில் சாலைக் கார் என்ற பெயரில் முழுப் பந்தயக் கார் கட்டினார்கள். சாமான் வைக்க இடம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னபோது, பெட்ரோல் டேங்கில் ஒரு பெட்டி கொள்ளுமே என்று டொயோட்டா வாதாடி ஜெயித்ததாகச் சொல்வார்கள். அந்த வழியில் வந்த மெர்சிடிஸ் சிஎல்ஆர் 1999 லெ மான்ஸில் மூன்று முறை காற்றில் எழும்பிக் கவிழ்ந்தது. இரண்டு முறை ஓட்டியவர் மார்க் வெபர், மூன்றாவது முறை பந்தயத்தின் நடுவே பீட்டர் டம்ப்ரெக். நீண்ட மூக்கு, முன்னே போகும் காரின் கலங்கிய காற்று, மேடு ஏறும் இடம். மூக்கு கொஞ்சம் தூக்கியதும் அடியில் புகுந்த காற்று காரை விமானமாக்கிவிட்டது. டம்ப்ரெக் மரங்களுக்கிடையே போய் விழுந்தும் உயிர் பிழைத்தார். அப்புறம் ஜிடி1 உலகத் தொடர் என்று ஒன்று 2010-இல் தொடங்கியது. அதன் கடைசி ஆண்டான 2012-இல் அதில் ஓடியவை ஜிடி3 கார்கள். பெயரை நம்பாதே என்று நண்பருக்கு நான் காட்டும் முதல் சாட்சி இது.

ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில் எண்ணுக்கு ஒருகாலத்தில் அர்த்தம் இருந்தது. ஜிடி500, ஜிடி300 என்பவை குதிரைத்திறனைக் குறித்தன. ஜிடி500 இன்று கார்பன் உடலும் 2 லிட்டர் டர்போவும் கொண்ட முழுப் பந்தயக் கார், சாலைக் காரின் முகமூடி மட்டும் போட்டிருக்கும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2019-இல் அதில்தான் ஓட்டினார். அந்த நவம்பரில் ஃபூஜியில் ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடரின் கார்களோடு நடந்த கூட்டுப் பந்தயம் ஒன்றில் ஹோண்டா என்எஸ்எக்ஸில் ஜெயித்தார். ஜிடி300-இல் நம் ஜிடி3 கார்களும் ஓடும், பக்கத்திலேயே டொயோட்டா பிரியஸ் என்ற ஹைபிரிட் குடும்பக் கார் ஒன்றும் பல ஆண்டு ஓடியது. ஆமாம், அதே பிரியஸ்.

நண்பர் கடைசியில் கேட்டது: "எதைப் பார்க்க ஆரம்பிக்கட்டும்?" யூடியூபில் ஸ்பா பந்தயங்கள் முழுதாகவே கிடைக்கின்றன. ஜிடி3 என்றால் ஓ ரூஜ் ஏற்றத்தைப் பார்க்கச் சொன்னேன், காற்று காரைத் தரையோடு அமுக்குவது அங்கே தெரியும். ஜிடி4 என்றால் சுற்று முடியும் இடத்தில் உள்ள பஸ் ஸ்டாப் வளைவு, நாலு கார் ஒன்றாகப் பிரேக் அடிக்கும். 992 பிரிவில் எல்லாம் ஒரே கார் என்பதால் எங்கு பார்த்தாலும் சரிதான். அவர் கேட்டுவிட்டு ஓ ரூஜைத் தேடப் போனார். பத்து நிமிடத்தில் ஒரு செய்தி: "இதில் ஜிடி3 புரோ, கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று போட்டிருக்கிறதே, அது என்ன?"

அது காரைப் பற்றியது இல்லை, ஓட்டுநர்களைப் பற்றியது. அதை நாளைக்குச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.